குணா அண்ணனின் காந்தமும் வசந்தாவின் விரல்களும்

கித்தார் கம்பி விற்கிறவனை உலகத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. கடை வைத்து நொந்துபோன உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சூலியா தெருவில் என் கடை. நானும் லேசுப்பட்டவன் இல்லை, உள்ளே வருகிற ஒவ்வொருத்தரையும் சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்ப்பேன். ஆனால் கல்யாணங்களுக்குப் பாட்டுக்குழு நடத்தும் குணா அண்ணனிடம் நானெல்லாம் கைகட்டி நிற்கணும்.

காந்தம்

குழுவின் பேஸ் கித்தாருக்குக் கம்பி வாங்க வந்த குணா அண்ணன் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். உறையில் நிக்கல் என்று போட்டிருந்த கம்பி டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இது இரும்புலா! யாரை ஏமாத்துறே?" என்றார். உள்ளே எஃகு, மேலே நிக்கல் முலாம், காந்தத்தில் ஒட்டாத கம்பியைப் போட்டால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கு அது கேட்கவே கேட்காது என்று தொண்டை வறளச் சொன்னேன். காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியையும் வாங்கிக்கொண்டார்.

"எல்லா கடைக்காரனும் இதையேதான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க!"

விரல்கள்

அந்தக் கம்பி மாட்டிய கித்தாரை வாசிப்பவள் வசந்தா. வாரம் முழுக்க பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, சனி ஞாயிறு குணா அண்ணன் குழுவில் பேஸ். கொஞ்ச நாளில் அதே கம்பியோடு கடைக்கு வந்தாள். பழசை உறையில் போட்டு மாற்ற வந்துவிட்டாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஐயோ, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய மலிவுத் தோடு போட்டாலும் காது இப்படித்தான் ஆகுமாம். ரொம்ப நாளாக மறைத்து மறைத்து வாசித்திருக்கிறாள். நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். குணா அண்ணன் நம்புவாரா? வேறு குழுவுக்குத் தாவப் பார்க்கிறாள் என்று நினைத்து, சுங்கை பாக்காப் ஊரிலிருந்து இன்னொரு பேஸ்காரனை ஒத்திகைக்கு வரச்சொல்லிவிட்டார். அன்றைக்கு இவள் வாசிக்காவிட்டால் இடம் அவனுக்கு.

"வாரம் பூரா மெஷின் சத்தம்ணே. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

கறுப்புக் கம்பி

நைலான் சுற்றிய கம்பி ஒரு செட் விற்காமல் கிடந்தது. உள்ளே எஃகுதான், விரல் படுகிற இடமெல்லாம் கறுப்பு நைலான். தடித்த கம்பி என்பதால், கித்தார் கழுத்தின் நுனியில் அது உட்காரும் பள்ளத்தை அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். வசந்தா தட்டிப் பார்த்தாள். பழைய கம்பி 'டங்' என்று கணகணக்கும். இது 'தொம்' என்று உருண்டு வந்து அடங்கியது.

"பருப்பு கொதிக்கிற மாதிரி இருக்கேண்ணே! குணா அண்ணே சும்மா விடமாட்டாரு, நீங்களும் ஒத்திகைக்கு வாங்க."

ஒத்திகை

போனேன். சுங்கை பாக்காப் ஆள் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். வசந்தா வாசிக்க ஆரம்பித்ததும் டிரம்ஸ்காரர் தலையாட்டினார். குணா அண்ணன் முகம்தான் இறுகியது. சாதாரணக் கம்பியில் விரல் நகர்ந்தால் 'கிரீச்' என்று ஓர் உரசல் கேட்கும். நைலானில் அது கிடையாது. அவருக்கு அது போதாதா?

"விரல் சத்தமே வரலையே! போன்லேருந்து பாட்டு போடுறியா?" என்று எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரிலிருந்து அவளுடைய வயரை உருவிவிட்டார். பேஸ் பட்டென்று நின்றது, அவள் கித்தாரிலிருந்துதான் வந்திருக்கிறது. வசந்தா நிறுத்தவில்லை. அவரையே பார்த்தபடி, சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தாள். டிரம்ஸ்காரரும் நிறுத்தவில்லை. அவர் வயரைத் திரும்பச் செருகினார். டிரம்ஸ் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில், ஒரு தாளம் பிசகாமல், 'தொம்' என்று வந்து விழுந்தது.

பாட்டு முடிந்தது. சுங்கை பாக்காப் ஆளிடம், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் குணா அண்ணன். பிறகு வசந்தா பக்கம் திரும்பினார்.

"நீயே வாசி. ஆனா முடிச்சதும் அந்தக் கம்பியைக் கழட்டிக் கொடு, உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

வசந்தாவுக்கு விரலும் ஆறியது, இடமும் நிலைத்தது. எனக்குத்தான், கறுப்புக் கம்பி கேட்டு யார் வந்தாலும் குணா அண்ணன் வேவு பார்க்க அனுப்பிய ஆளோ என்று இருக்கிறது.