காப்பகத்து ஆட்டை ஏலம் போட்ட பொருளாளர்

எங்கள் பிராணிகள் காப்பகத்தின் பொருளாளரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாயைக் கண்டால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார். ரசீதுப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் முகம் மலரும்.

பாறசாலையில் நாங்கள் தொடங்கிய காலத்தில் மாதச் சந்தாவே போதுமாக இருந்தது. பிறகு வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். நாய்கள் பெருகப் பெருக அனுப்புகிறவர்கள் குறைந்தார்கள். அரிசிக் கடையிலும் மருந்துக் கடையிலும் கடன் ஏறியது.

"அறுப்புப் பண்டிகைக்கு ஏலம் போடுவோம்லா டீச்சரே, அதுபோல இங்கயும் போடுவோம்" என்றார் பொருளாளர். எங்கள் கிறிஸ்தவ சபையில் காணிக்கையாக வந்த ஒற்றை முட்டையைக்கூட வீம்புக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுப்பவர்கள் உண்டு. தேங்காயும் வாழைக்குலையும்தானே என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

ஏலத்தன்று போய்ப் பார்த்தால், மேசைக் காலில் எங்கள் மூன்றுகால் ஆட்டைக் கட்டியிருக்கிறார்! லாரியில் அடிபட்டுக் கிடந்ததை நான் மடியில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்து காப்பாற்றியிருந்தேன். கழுத்தில் பூமாலை வேறு. முன்வரிசையில் கறிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு இதக் கட்டினீங்க? அவுத்து விடுங்க!"

"தேங்காய்க்கு என்னத்த கிட்டும் டீச்சரே? ஆட்டுக்காக்கும் ஆள் கூடும். காணிக்கையா வச்சதத் திருப்பி எடுக்கப்பிடாது. சபையில அப்படி உண்டா?"

பாவி மனுசன், மணியை அடித்து ஏலத்தைத் தொடங்கிவிட்டார். கறிக்கடைக்காரர் கேட்டார். நான் கூட்டிக் கேட்டேன். வழக்கமான வீம்பு என்று நினைத்து அவரும் ஏற்றினார். "விடாதீங்க டீச்சரே!" என்று கூட்டம் கைதட்டியது. ஒருத்தருக்காவது அந்த ஆட்டின் உயிர் நினைவுக்கு வரவில்லை. சனியன்கள்! கடைசியில் கறிக்கடைக்காரர், "இந்த வெலைக்கு எடுத்தா கறியத் தங்கத்தராசுலதான் நிறுக்கணும்" என்று சிரித்தபடி விலகினார். என் அந்த மாதப் பென்ஷன் முழுவதும் போயிற்று.

பொருளாளர் பல்லெல்லாம் தெரிய ரசீதை நீட்டினார். "கடனெல்லாம் தீந்துது. அடுத்த வருசமும் இதையே கட்டுவோம். எப்படியும் நீங்க எடுப்பியளே!"

நான் மாலையை அறுத்து எறிந்துவிட்டு ஆட்டை அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றினேன்.

"டீச்சரே, ஆட்ட எங்க கொண்டுபோறீங்க? அது காப்பகத்துக்கு உள்ளதாக்கும்!"

"ஏலத்துல எடுத்ததத் திருப்பிக் கொடுக்கப்பிடாது சாரே. சபையில அப்படி உண்டா?"