செந்துறைப் பக்கம் ஒரு ஞாயிறு: அண்ணனுக்கு ஒரு சபை, தம்பிக்கு ஒரு சபை

மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கப் பிடிப்பதில்லை. மாதம் ஒருமுறை, இதுவரை பார்த்திராத ஏதாவது ஒரு சிற்றூர் ஆலயத்துக்குப் பேருந்தில் போய் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். இந்த மாசியில் போனது அரியலூர் மாவட்டத்தில், செந்துறைப் பக்கம். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. படித்தால் காரணம் புரியும்.

சேலத்திலிருந்து சனி மாலையே பெரம்பலூர் வந்து, பேருந்து நிலையத்துக்கு அருகில் அறுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். குளியலறைக் குழாயைத் தவிர வேறு குறையில்லை. பரோட்டாக் கடையில் எதிர் நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். தனியாகப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பை எவ்வளவு பெரிய துணை என்று.

காலை ஆறரைக்கு அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டர்தான். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனதில் ஒரு மணி நேரம் ஆனது. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு செந்துறைக்கு இன்னொரு பஸ். இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

"சர்ச்சுக்குப் போகணும்" என்றேன்.

"பழசா சார், புதுசா?" என்று கேட்டார் ஓட்டுநர். நான் விழித்ததைப் பார்த்து அவரே சொன்னார்: "முன்ன ஒண்ணுதான் இருந்துச்சு. நாலு வருசமா ரெண்டு. ஆனா இன்னிக்கு ரெண்டுலயும் யாரும் இருக்க மாட்டாங்க. தாவீதுன்னு ஒருத்தரு நேத்து தவறிட்டாரு. அடக்கத்துக்குப் போயிருப்பாங்க. அங்கயே வுட்டுரவா?"

முந்திரித் தோப்பை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். கதவு பூட்டியிருந்தது. வெளியே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர். நான் எந்தப் பக்கமும் சேராமல் ஒரு மரத்தடியில் நின்றேன்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் தணிந்த குரலில் விவரம் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன் ஒரு போதகருக்கு மாற்றல் வந்தது. அவர் இருக்கட்டும் என்று பாதிப் பேர், புதியவர் வரட்டும் என்று மீதிப் பேர். வாய்ச்சண்டை முற்றிச் சபை இரண்டானது. அதே வேதம், அதே பாட்டு, அதே தெரு. மணி மட்டும் இரண்டு. அந்தப் போதகரோ வேறு மாவட்டத்துக்கே போய்விட்டார். தாவீது புதிய சபைக்குப் போனார். அவருடைய அண்ணன் சாமுவேல் பழைய சபையின் மூப்பர், நிர்வாகம் பார்க்கும் பெரியவர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கல்லறைத் தோட்டம் பழைய சபைக்குச் சொந்தம். சாவி சாமுவேல் கையில்.

கதவருகே நின்ற வெள்ளை வேட்டிக்காரர்தான் சாமுவேல். "எங்க சபைப் போதகர் ஐயர் வந்துதான் அடக்க ஜெபம் பண்ணணும். அதான் முறை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. புதிய சபையின் பாஸ்டர், இளவயதுக்காரர், தலைகுனிந்து நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தாவீதின் மனைவி கிரேஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமுவேலிடம் வந்தார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். நாலு வருசமா ஞாயித்துக்கெழம உங்க வூட்டு வாசலத் தாண்டுறப்ப அவரு மெல்லத்தான் நடப்பாரு. நான் முன்னால போயிருவேன். 'ஏன் இம்புட்டு மெதுவா வர்றீங்க'ன்னு கேட்டா, 'அண்ணன் கூப்புட்டா காதுல விழணும்ல'ம்பாரு."

சாமுவேல் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"செருப்புச் சத்தம் எனக்கும் கேக்கும்மா" என்றார். "இன்னிக்கு அவன் கூப்புடுவான், இன்னிக்கு அவன் கூப்புடுவான்னு உள்ளயே உக்காந்திருந்தேன்."

கதவைத் திறந்தது அவர்தான். பெட்டியின் தலைமாட்டைப் பிடித்ததும் அவர்தான். அதன் பிறகு யார் எந்தப் பக்கத்துக்காரர் என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. குழியருகே பாஸ்டர் ஒதுங்கிக்கொண்டு, "ஐயா, நீங்களே ஜெபிங்க" என்றார். சாமுவேல் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கி இரண்டாம் வரியில் உடைந்துபோனார். மீதியை அங்கிருந்த எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்தோம்.

கை கழுவும் இடத்தில் சாமுவேல் என்னைக் கவனித்தார். "சார் தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க. மனைவி தவறிட்டாங்க."

"உங்களுக்கு அவங்க போனதுக்கப்பறம் தனி. எனக்கு அவன் பக்கத்துத் தெருவுல உசுரோட இருக்கறப்பவே தனி" என்றார்.

திரும்பி வரும்போது கூட்டம் மறுபடி இரண்டாகப் பிரிந்து போனது. ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டதாக நான் எழுத முடியாது. சாமுவேல் மட்டும் தம்பி வீட்டுத் தெருவில் திரும்பினார்.

போக நினைப்பவர்களுக்கு: செந்துறைக்கு அரியலூரிலிருந்து பஸ் உண்டு, ஞாயிறன்று கொஞ்சம் காத்திருக்க வேண்டும். செந்துறை தாண்டினால் சாப்பாட்டுக் கடை கிடையாது. தண்ணீரும் தொப்பியும் அவசியம். ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பும்போது தவிக்க வேண்டாம்.

சபைகள் ஏன் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். உலகம் நம்மைப் பார்க்கிறது, சாட்சி கெடும் என்பார்கள். இருக்கலாம். அந்தக் குழியருகே எனக்குத் தோன்றியது அதைவிடச் சின்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்வதற்குள் ஒருவர் செத்துப்போய்விடுகிறார். மிஞ்சுகிறவர், தான் ஜெயித்த வழக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?