பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த ரத்தம்

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செங்கம் ரோட்டுக்குப் பின்னால், ஆசிரமத்துக்கு நடந்தே போகிற தூரத்தில், மாடி அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் நான். ஊர் ஊராக, தேசம் தேசமாக வந்து தங்குவார்கள். கண்ணை மூடித் தியானம் செய்வார்கள், குழாயை மூட மறந்துவிட்டுப் போவார்கள். நான் கத்தாவிட்டால் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. இப்படிப்பட்ட வாய், ஆஸ்பத்திரியில் ஒரு கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தப்பு என்று தெரியாமலேதான்.

முதலில் நெஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாடிக்குப் போர்வை எடுத்துக்கொண்டு ஏறும்போது உள்ளே சோளம் பொரிகிற மாதிரி இருக்கும். படபடவென்று பொரியும், நிற்கும், மறுபடி பொரியும். வயசாகிறது, படி ஏறினால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் தலை சுற்றி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாடியில் இருந்த இத்தாலிக்காரப் பெண்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவளைக் குழாய்க்காக அன்று காலையில்தான் திட்டியிருந்தேன்.

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார். ரத்தக் கொதிப்பும் இருந்தது. இப்படித் துடித்தால் உள்ளே ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம், அதனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். என்னைப் போலத் தாளம் தப்பியவர்களுக்கு, இதயமும் ரத்தக் கொதிப்பும் கிட்னியும் ஒன்றையொன்று எப்படி இழுக்கிறது என்று பார்க்கிறார்களாம். புது மருந்து ஒன்றும் உண்டு. விருப்பமிருந்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

நான் என்ன எலியா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எலிக்கு இதெல்லாம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க மாட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சேர்ந்தது அந்தச் சிரிப்புக்காக இல்லை. கிட்னி என்ற ஒரு சொல்லுக்காக.

என் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது. வாரா வாரம் டயாலிசிஸ் கட்டிலில் அவர் படுத்திருப்பார், குழாய் வழியாக ரத்தம் வெளியே போய் மெஷினுக்குள் சுற்றித் திரும்பி வரும், நான் பக்கத்தில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்து வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற மனிதர். கடைசியில் அவருக்குத் தண்ணீரையும் அளந்து கொடுக்கச் சொன்னார்கள். டம்ளரைக் காலி செய்துவிட்டு, அடியில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். பௌர்ணமிதோறும் மலை சுற்றுவேன், சுற்றி முடிக்கிறவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அவருக்கு இல்லாத தண்ணீர் எனக்கு மட்டும் எதற்கு? அவர் போய்ச் சேர்ந்த பிறகும் வேண்டுதலை விட மனசு வரவில்லை.

அந்தக் கட்டிலில் நானும் போய்ப் படுத்துவிடக் கூடாது. எனக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான். பக்கவாதத்தைக்கூட அவ்வளவு நினைக்கவில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்ததும் ராஜ உபசாரம்தான். துடிப்பைப் பதிவு செய்ய நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை ஒட்டிவிட்டார்கள். வீட்டிலேயே பிரஷர் பார்க்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்கென்று இருந்த நர்ஸ், என் மகள் வயசுக்காரி, நான் மெஷினைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டதைப் பார்த்தும் முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பக் கட்டிக் காட்டினாள். என் சொந்தக்காரர்கள்கூட என்னிடம் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுக்கும் முன் அவள் கேட்பாள், வேறு ஏதாவது மாத்திரை எடுத்தீர்களா என்று. இல்லை என்பேன். சத்தியமாக இல்லை என்றுதான் நினைத்தேன்.

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் ஆட்டோ நகராது, பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் என் முறையை எப்போதும் பௌர்ணமி கழிந்த மறுநாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோ வைத்துவிடுவார்கள். எனக்கும் அதுதான் வசதி, சாமி வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக ஊசி குத்திக்கொள்ளலாம்.

முதல் சில தடவை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு டாக்டரின் முகம் மாற ஆரம்பித்தது. கிட்னி ரத்தத்தைச் சரியாகச் சுத்தம் செய்கிறதா என்று காட்டுகிற கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது என்றார். பிரஷரும் அடங்கவில்லை. புது மருந்துதான் காரணமோ என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த தடவையும் ஏறியிருந்தால் மருந்தை நிறுத்திவிட்டுக் கிட்னி டாக்டரிடம் அனுப்பிவிடுவேன் என்றார். வீட்டுக்கு வந்து, ஒழுகாத குழாய்க்காக மாடியில் இருந்த ஒரு பாவப்பட்ட ஜெர்மன்காரரைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

என் ஓரகத்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தம்பி மனைவி. கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள், நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்த காலத்திலிருந்து ஒரு பௌர்ணமி தவறாமல் அவித்த மல்லாட்டையோடு பஸ் ஏறி வந்து என்னோடு மலை சுற்றுகிறவள். என் பை, என் துண்டு எல்லாம் அவள் தோளில்தான். நான் கைவீசிக்கொண்டு பேசிக்கொண்டே வருவேன், அவள் 'உம்' கொட்டிக்கொண்டே வருவாள்.

அந்த முறை மலை சுற்றிய மறுநாள், எனக்குப் பயமாக இருக்கிறது, நீயும் ஆஸ்பத்திரிக்கு வா என்று அவளையும் கூட்டிப்போனேன். டாக்டர் எதிரில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ரத்தம் கொடுக்க எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, அம்மா என்று முனகிவிட்டேன். ஓரகத்தி ஒன்றும் யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, விபூதிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி நீட்டினாள்.

“இந்தாக்கா, வாயில போட்டுக்க.”

நர்ஸின் கை அப்படியே நின்றது. டாக்டர் எட்டி அந்த அட்டையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாளாக இது என்று கேட்டார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும்தான் என்றேன். பாதி வழியில், அடி அண்ணாமலை வரும்போது ஒன்று. வீட்டுக்கு வந்ததும் ஒன்று. மறுநாள் விடிந்ததும் ஒன்று.

“ஏம்மா, இத ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“நீங்க மருந்து மாத்திரையத்தான கேட்டீங்க. இது இவ குடுக்கறதுங்க.”

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அப்போது என் மனசில் அப்படித்தான் இருந்தது. மருந்து என்றால் டாக்டர் எழுதுவது, மெடிக்கல் ஷாப்பில் காலை மாலை என்று கோடு போட்டுக் கொடுப்பது. இது மலை சுற்றுவதோடு சேர்ந்தது, விபூதிப் பொட்டலத்தோடு ஒரே பையில் கிடப்பது. எங்கள் ஊரில் மலை சுற்றுகிற எத்தனையோ பேரின் மடியில் இப்படி ஒரு கால்வலி மாத்திரை இருக்கும்.

மலை சுற்றுகிற அன்று என்ன சாப்பிடுவீர்கள், என்ன குடிப்பீர்கள் என்றும் டாக்டர் கேட்டார். தண்ணீர் குடிப்பதில்லை என்று சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காய்ந்து கிடக்கிற கிட்னியை இந்த வலி மாத்திரை மேலும் நெரிக்கும், பிரஷரை ஏற்றும், நான் போடுகிற ரத்தம் உறையாத மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவே வரலாம் என்று விளக்கினார். இது மட்டும்தான் காரணமா என்று தெரியாது, முதலில் இந்த வலி மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம் என்றார். என்மேல் பழி போடவில்லை. நாம்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நர்ஸைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

மாத்திரையை விட்டுவிடுகிறேன், தண்ணீரை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். ஏன் என்றார். அந்த வேண்டுதலின் காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், டம்ளரின் அடியைப் பார்க்கிற அந்தப் பார்வை உட்பட. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

“அவருக்குத் தண்ணி இல்லாம போனது கிட்னி போனதாலம்மா. நல்லா இருக்கற உங்க கிட்னிய நீங்க காயப்போட்டா அவருக்கு என்ன கெடைக்கும்? தண்ணி குடிச்சுட்டே சுத்துங்க. அண்ணாமலையாரு தலையிலயே கங்கைய வெச்சிருக்காரு, கோச்சுக்க மாட்டாரு.”

வாய்க்காரி நான் தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்ததும் ஓரகத்தி ஆட்டோ ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். “நானே உன்ன கெடுத்துட்டேனேக்கா, மாமா மாதிரி ஆக்கிட்டேனே” என்று ஒரே அழுகை. அழாதே, ஊரே பார்க்கிறது என்று அதட்டி பஸ் ஏற்றிவிட்டேன். அதன்பிறகு அவளிடமிருந்து போனே இல்லை. அடுத்த பௌர்ணமி விடிந்தது, ஆள் வரவில்லை. போன் செய்தேன். உடம்பு சரியில்லை என்று இழுத்தாள். சரி, நான் தனியாகவே போகிறேன், நடுவில் விழுந்தால் ஆம்புலன்ஸ்காரன் உனக்குத்தான் போன் செய்வான், தயாராக இரு என்று வைத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் மல்லாட்டை, மூஞ்சியை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்து நடந்தோம். அடி அண்ணாமலை வந்ததும் நடைபாதை ஓரம் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். இது உங்களுக்கு என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டு முதல் மடக்கைக் குடித்தேன். குடித்துக்கொண்டே அழுதேன். எத்தனை வருஷத்துத் தாகமோ, அவ்வளவு ருசி. திரும்பிப் பார்த்தால் ஓரகத்தி சத்தமில்லாமல் தன் முட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மாத்திரை போடாமல் அவளுக்கும் வலிக்கிறது. இத்தனை நாளாக நீயும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் நடந்தாயா என்று கேட்டேன்.

“உனக்கு ஒண்ணு குடுத்தா நான் ரெண்டு போட்டுக்குவேன்க்கா. பை கனம்ல.”

பாட்டிலை அவள் கையில் திணித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அக்கா விரதம் இருக்கும்போது நான் மட்டும் எப்படிக் குடிப்பேன் என்று அவளும் இத்தனை காலமாகத் தண்ணீர் தொடாமல்தான் நடந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மிச்ச வழி முழுக்கப் பை என் தோளில்தான் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னோடு அவளையும் இழுத்துப் போனேன். என் கிரியாட்டினின் இறங்கியிருந்தது. பழைய இடத்துக்கே முழுதாக வரவில்லை, ஆனால் நன்றாக இறங்கியிருந்தது. பிரஷரும் அடங்கியிருந்தது. டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு எண்கள் தெரியவில்லை, கண் மறைத்தது. அந்த டயாலிசிஸ் கட்டில் என் கண்ணெதிரிலிருந்து அன்றைக்குத்தான் போயிற்று.

இவளையும் பாருங்கள் என்று ஓரகத்தியை முன்னால் தள்ளினேன். எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று முரண்டு பிடித்தாள். நர்ஸ் அவள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள், சரியாகத்தான் கட்டியிருக்கிறோமா என்று இன்னொரு தடவையும் பார்த்தாள். பிரஷர் எகிறியிருந்தது. ரத்தத்தில் கிட்னி களைத்துப்போயிருப்பது தெரிந்தது. கெடவில்லை, இப்போதே வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். ஆராய்ச்சியில் பெயரே இல்லாத அவளுக்கும் மருந்து எழுதி, என்னோடு சேர்த்தே வரச் சொன்னார்கள். என்னிடம் எடுத்த ரத்தத்தால் அவள் பிழைத்தாள். அந்த டாக்டரும் அந்த நர்ஸ் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அங்கே கேள்வியை மாற்றிவிட்டார்கள். யார் வந்தாலும் கேட்கிறார்கள், மலை சுற்றினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, வழியில் யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று. போன தடவை நான் ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓரகத்தி. நர்ஸ் அவளிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

“குடுத்தாங்க” என்றாள் ஓரகத்தி.

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கக்கா தண்ணி குடுத்துச்சு. வழி பூரா, எங்க மாமா பேரச் சொல்லிச் சொல்லி.”