தொட்டில் படம்

திருவொற்றியூர் டெண்டு கொட்டகையின் முதலாளி வேதமாணிக்கம் சினிமா பார்க்கமாட்டார். ஆண்கள் பக்கத்து வாசலை ஒட்டி ஒரு தகர அறை. அதில் திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாத்தான்குளத்துப் பக்கம் சொந்த ஊர். ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்துப் பிழைத்தவர். சினிமா பாவம் என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர். "பாக்கதுதான் பாவம். கொட்டகை நடத்துதது வியாபாரம். மண்டி வச்சிருந்த காலத்திலயும் நான் கருப்பட்டிக் காப்பி குடிச்சதில்ல" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைப் பக்கம் தலைகாட்டவே மாட்டார். ஆட்டம் மட்டும் நடக்கும்.

பார்க்காதவருக்குப் படம் எப்படி என்று யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்? ஆண்கள் பேச்சை அவர் நம்புவதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு எந்தக் குப்பைப் படத்துக்கும் கூட்டம் வந்துவிடும். திங்கட்கிழமைக்குப் பிறகு கொட்டகை நிறைவது, பெண்கள் குழாயடியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே திங்கட்கிழமை காலையில், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் சொக்கம்மாளைக் கூப்பிடுவார். அவள் சொல்வதைக் கேட்டுப் படத்தை இன்னும் சில நாள் ஓட்டுவார், அல்லது பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்புவார்.

"யானைப் படத்துக்கு என்ன சொல்லுதாக?"

"நல்லா கீதாம் மொதலாளி. ஆனா யான வர்றது கம்மியாம். ராணிக்காரி மழையில நிக்கிறாளாம், ஒரு சொட்டு பொடவ நனையலயாம். தீப்பெட்டிக் கம்பெனிப் பொண்ணுங்க ரெண்டு பேரு பாதியில தூங்கிட்டாங்க. ஒரு கெய்வி, 'ராஜா மூஞ்சி நம்ம ரேசன் கடக்காரன் மாரியே கீது, அவன நம்பி எப்டி பொண்ணு குடுத்தான்'னு கேட்டுச்சு."

வேதமாணிக்கம் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார். சொக்கம்மாளும் சிரிக்காமல்தான் சொல்வாள். கேட்டதைக் கேட்டபடி சொல்வாள். தன் பங்குக்கு ஒரு சொல் சேர்க்கமாட்டாள். சேர்ப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அவளும் படம் பார்ப்பதில்லை. வாசல் மூங்கிலில் சாய்ந்து தெருவைப் பார்த்து நின்றுகொள்வாள். படம் முதுகுப் பக்கம் ஓடும்.

சொக்கம்மாள் புளியந்தோப்பில் பிறந்தவள். வாக்கப்பட்டது இங்கே. புருஷன் கோதண்டம் துறைமுகத்தில் கரி இறக்கப் போகிறவன். ஒரே மகள், ராஜாத்தி. நாலு வயதில் அவளுக்கு அம்மை போட்டது. வேப்பிலை கட்டி, விரதம் இருந்து, சொன்னதையெல்லாம் சொக்கம்மாள் செய்தாள். குழந்தை போய்விட்டது. கோதண்டம் அதைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது சந்துப் பெண்கள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டார்கள். சொக்கம்மாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ராஜாத்தியின் பாவாடையை எடுப்பதா, அப்படியே விடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

அதிர்ச்சியில் இருக்கிறாள், ராத்திரிக்குள் உடைந்துவிடுவாள் என்றார்கள். உடையவில்லை. காரியத்தன்று அழுவாள் என்றார்கள். அன்றைக்கும் இல்லை. பிறகு பேச ஆரம்பித்தார்கள். பெற்றவளுக்கே வரவில்லையே, என்ன நெஞ்சு அது என்றார்கள். சொக்கம்மாளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். சோறு சோறாக இருந்தது. தண்ணீர் தண்ணீராக இருந்தது. விடிந்தது, இருட்டியது. கோதண்டம் கரி முகத்தோடு வந்து, கழுவிக்கொண்டு, தின்று, படுத்தான். அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கொட்டகை வேலை அதற்குப் பிறகு வந்ததுதான். அந்த வேலைக்கு அவள் ரொம்பப் பொருத்தம். கைக்குழந்தையைக் காட்டிக் கெஞ்சினாலும், கண்ணீர் விட்டாலும், டிக்கெட் இல்லாமல் ஒருத்தியும் அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை.

தொட்டில் படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. படத்துக்கு வேறு ஏதோ பெரிய பெயர். அதை யார் சொன்னார்கள்? யானை வந்தால் யானைப் படம், பாம்பு வந்தால் பாம்புப் படம். இதில் கடைசியில் ஒரு தொட்டில் வருகிறது. மாமியார் துரத்திவிட்ட பெண்ணின் குழந்தை ஜுரத்தில் செத்துப்போகிறது. அவள் காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடுகிறாள்.

கொட்டகையில் ஒரே மிஷின். ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் விளக்கைப் போடுவார்கள். அந்த இடைவெளியில்தான் பெண்கள் பக்கத்து மணல் தரை வாய் திறக்கும். முதல் ரீல்களில் வழக்கமான பேச்சுதான்.

"மாமியாக்காரிய பாத்தியா? எங்க வூட்ல கீறவள அப்டியே உரிச்சி வெச்சிகீது."

"மெதுவா பேசு. ஒங்க மாமியா பின்னால குந்தினுகீறா."

"இருந்தா இன்னா? கேக்கட்டும்!"

தொட்டில் பாட்டு முடிந்து விளக்கு எரிந்தபோது அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூக்குச் சிந்தும் சத்தம் மட்டும். ஒருத்தி மடியில் தூங்கிய பிள்ளையை எழுப்பி இறுக்கிக்கொண்டாள். அது தூக்கக் கலக்கத்தில் அவளை அடித்தது. அப்புறம் யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"அத்த பாரு, வாச மூங்கிலு. அதுக்கு ஒரு சொட்டு வருதா பாரு."

"அதுவா? சொந்தக் கொயந்தைக்கே வரல."

சொக்கம்மாள் தெருவைப் பார்த்தபடியே நின்றாள். பாட்டு அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் பரவாயில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், யாரோ எழுதிக்கொடுத்த பாட்டை, துணித் தொட்டிலைப் பார்த்துப் பாடுகிறாள். கொட்டகை முழுக்க அழுகிறது. அதன் நடுவில் தான் மட்டும் காய்ந்த கண்ணோடு நிற்கவேண்டியிருக்கிறது. சனிக்கிழமையும் அதே. ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் பார்த்தவர்களே அண்டை வீட்டுக்காரிகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். உள்ளே போகும்போதே, அழுவதற்கென்று முந்தானையைத் தயாராகக் கையில் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்தப் படத்தை விட்டால் வாரக்கணக்கில் ஓடும் என்று சொக்கம்மாளுக்குத் தெரிந்தது. வாரக்கணக்கில் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பாட்டு வரும். விளக்கு எரியும். அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை காலை வேதமாணிக்கம் கூப்பிட்டார்.

"ஆபரேட்டர் லியோனார்ட் படம் நல்லாருக்குங்கான். பொம்பளையள் என்ன சொல்லுதாக?"

"புடிக்கலயாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கேள்விக்கு இவ்வளவு சின்ன பதில் அவளிடமிருந்து வந்ததில்லை.

"என்ன பிடிக்கலயாம்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சொக்கம்மாளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கொயந்த சாவுதாம். வூட்ல கீற பேஜாரு பத்தாதுன்னு இங்க வந்தும் அதே பேஜாரான்னு கேக்கறாங்க."

வேதமாணிக்கம் யோசித்தார். நியாயமான பேச்சாகத்தான் அவருக்குப் பட்டது. பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சொக்கம்மாள் பெண்கள் பக்கத்து மணலைக் கிளறி, கடலைத் தோலையும் வெற்றிலைக் காம்பையும் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஞானபாக்கியம் வந்தாள். முதலாளியின் மனைவி. வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. ஞாயிறு மாலைகளில் புருஷன் ஆராதனைக்குக் கிளம்பிப் போனதும், தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்துவிடுகிறவள் அவள். முறையாக டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போவாள். இது சொக்கம்மாளுக்கு மட்டும் தெரியும்.

"ஏட்டி சொக்கம்மா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பொம்பளையளுக்குப் பிடிக்கலன்னு சொன்னியாமே! நான் பொம்பளை இல்லியா? நேத்து என் முந்தானையைப் பிழிஞ்சா ஒரு செம்புத் தண்ணி வந்திருக்கும். இந்த வாரமும் வரணும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"நீங்களே மொதலாளிகிட்ட சொல்லுங்கம்மா."

"நான் எப்படிச் சொல்ல? எந்தக் கண்ணால பார்த்தன்னு கேப்பாகள்லா?"

வாசலில் அமீரின் வண்டி வந்து நின்றது. படப்பெட்டியை ரயிலுக்குக் கொண்டுபோக வந்திருந்தான். ஞானபாக்கியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ளதைச் சொல்லு. யாருக்குப் பிடிக்கல?"

"எனக்கு."

"நீ எங்க படம் பார்த்த?"

"பாக்கல. சத்தம் வருதில்ல."

"சத்தத்துல உனக்கு என்ன வந்துது? நான் பெத்த நாலும் குத்துக்கல்லு மாதிரி நல்லாருக்கு. ஒரு குறையும் இல்ல. எனக்கே அடக்கமாட்டாம அழுகை வந்துது."

"நான் பெத்தது ஒண்ணு. அது போச்சு. அதுக்கே நான் அயல" என்றாள் சொக்கம்மாள். "இங்க எல்லாரும் ஒரு துணித் தொட்டிலுக்கு அயுறாங்க. நடுவுல நான் நிக்கணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. கையிலிருந்த கடலைத் தோலைக் கூடையில் போட்டாள். ஞானபாக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேத வசனமாகத்தான் இருக்கவேண்டும், பாதியில் விட்டுவிட்டாள்.

"பெட்டிய ஏத்தட்டுமாம்மா?" என்று அமீர் கேட்டான். முதலாளியம்மா இங்கே எப்படி வந்தாள் என்று அவனுக்கு ஆச்சரியம்.

ஞானபாக்கியம் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏத்துப்பா" என்றாள். வண்டி நகர்ந்த பிறகு கேட்டாள்: "அடுத்தது என்ன படம்?"

"கத்திச் சண்டையாம்."

"கர்த்தாவே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு வந்த வழியே போனாள்.

கத்திச் சண்டைக்கு ஆண்கள் பக்கம் நெருக்கியடித்தது. பெண்கள் பக்கம் ஈ காக்கை இல்லை. செவ்வாய்க்கிழமை படம் தொடங்கியபின் ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். முழங்கைவரை மீன் செதில் ஒட்டியிருந்தது.

"தொட்டில் படம்தானே?"

"அது பூட்ச்சி. நேத்தே பெட்டி கட்டிட்டாங்க."

"அட கஸ்மாலமே! முகத்துவாரக்குப்பத்துலருந்து வரேன்மே. எண்ணூர்ல ரயிலு புடிச்சி வரேன். எங்க குப்பமே அயுதுட்டு வந்து மூணு நாளா அதே பேச்சு. நா ஒருத்திதான் பாக்காதவ." அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "சரி, பாக்கத்தான் குடுத்து வெக்கல. கதையாச்சும் சொல்லு."

கேட்பவளைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் சொக்கம்மாளுக்குத் தோன்றவில்லை. படத்தை அனுப்பியவள் அவள்தான். சொன்னாள்.

"ஒரு பொண்ணு. வசதியான வூடு. மாமியாக்காரி தொரத்தி வுட்றா. கொயந்தைக்கு ஜொரம். வைத்தியன் வரல. செத்துப்பூடுது."

"அப்பால?"

"அப்பால அவ காலித் தொட்டில ஆட்டிகினு பாடறா."

"பாடறாளா?"

"பாடறா. நீளமா பாடறா."

குப்பத்துக்காரி அவளையே பார்த்தாள். கதை அவ்வளவுதானா, இவள் எதையாவது விட்டுவிட்டாளா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"இன்னா பொம்பள அவ? கொயந்த செத்தா பாட்டு எங்கேந்து வரும்? எங்க ரெண்டாவது போனப்ப நா கூடைய எடுத்துகினு போயி, இருந்த மீனெல்லாம் வித்துட்டு வந்தேன். வெல கேட்டவங்களுக்கு வெல சொன்னேன். எப்டி சொன்னேன்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரில. இதுக்கா அவ்ளோ பேரு அயுதாங்க?"

"அயுதாங்க."

"நீ அயுதியா?"

"இல்ல."

"பின்ன?" என்றாள் அவள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. உள்ளே எட்டிப் பார்த்தாள். "இது இன்னா படம்?"

"கத்திச் சண்ட."

"குடுமே ஒண்ணு. வந்தது வந்தாச்சி. சொம்மா திரும்பிப் போனா எங்காளு சிரிப்பான்."

சொக்கம்மாள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனவளுக்குக் கால் வைக்கும் இடம் தெரியவில்லை. சொக்கம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மணலில் உட்கார வைத்தாள். சுற்றிலும் காலி. அவள் கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டு, பக்கத்து மணலைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"குந்தேன். இனிமே எவ வரப்போறா?"

சொக்கம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. உட்கார்ந்தாள். திரையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு படிக்கட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

"இதுல எவன் நல்லவன்?" என்றாள் குப்பத்துக்காரி.

"தெரில" என்றாள் சொக்கம்மாள்.