ஒய்பி வந்த பிறகுதான் அம்மன்

எட்டு வயதில் கடவுள் யார் என்று அடையாளம் தெரியாமல், கறுப்புக் காலுறை போட்ட ஒரு மனிதரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த மடையன் நான். அந்தக் காலுறையின் புழுங்கிய வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஜார்ஜ்டவுனில் எங்கள் சந்துக்குள் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் அன்று திருவிழா. அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததற்காக அம்மா விரதமிருந்து, பால்குடம் தூக்கி, கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்தால், சன்னதியில் திரை போட்டிருந்தது. "ஒய்பி வரட்டும்மா, அவரு வந்தாதான் தொறப்போம்" என்றார் கோயில் தலைவர். "ஒய்பி" என்றால் மலாய் வழக்கில் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கோ, அம்மனையே காக்க வைப்பவர் அம்மனுக்கும் மேலான சாமி என்றுதான் பட்டது. "பாலு திரிஞ்சிரும்ணே" என்று அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது.

ஒருவழியாகக் கார் வந்தது. மேளம் முழங்கியது, மாலை விழுந்தது, திரை விலகியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? விழுந்துவிட்டேன். ஊரே சிரித்தது, படமும் எடுத்தார்கள். ஒய்பியோடு காரில் வந்த குளிர்ந்த பால் முதலில் அபிஷேகமானது. அம்மாவின் குடத்தைப் பூசாரி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வீடு வரைக்கும் அந்த நிறைகுடத்தை அம்மா இடுப்பில் சுமந்து வந்தார்.

பிறகு ஆட்சி மாறியது, ஒய்பியை வரவேற்கக் கட்டும் பதாகையின் நிறம் மாறியது. ஒய்பி தந்த மானியத்தில் கூரை வந்தது. அதற்காக, நிழல் தந்துகொண்டிருந்த வேப்பமரம் போனது. "கோயில் வேற, அரசியல் வேற" என்று வருடா வருடம் எங்கள் கோயில் மேடையேறி முழங்குகிறவரும் ஒய்பிதான். இதையெல்லாம் திருத்தப் போகிறேன் என்று கோயில் கமிட்டிக்குள் நுழைந்த நான், இதுவரை சாதித்தது அவருக்கு நல்ல மாலையாகப் பார்த்து வாங்கியதுதான்.

இந்த வருடம் அம்மா, "சாவறதுக்குள்ள அந்தப் பால அவ தலையில ஊத்திரணும்டா" என்றார். இப்போதைய தலைவரிடம் ஓடினேன்.

"அண்ணே, இந்த ஒரு தடவ ஒய்பிக்குக் காத்திருக்க வேணாம்லா. அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, வெயில்ல நிக்க முடியாது. பாலும் திரிஞ்சிரும்."

அவர் பதாகையைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"பால ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வரச் சொல்லு, தம்பி."