கண்ணை மூடித் திறப்பதற்குள்

கார் புளியமரத்தில் மோதுவதற்கு முன்னால் பிரேக் பிடித்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் காதில் நிற்பது அந்த அமைதிதான்.

கார் என் மாமாவுடையது. அறுபதுகளின் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வாடகைக்கு ஓட்டிய பழைய அம்பாசடர். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், திருப்பதிக்குப் போகிறவர்கள் என்று முகூர்த்த மாதங்களில் அவருக்கு ஓய்வே இருக்காது. தூக்கம் வந்தால் சோடாவை முகத்தில் அடித்துக்கொள்வார். வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வார். தூங்காமல் ஓட்டியதை வீரம் போலச் சொல்வார். நாங்களும் வியந்து கேட்டோம்.

அந்த வைகாசியில் தாமலில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். இரவு முழுக்கத் திருப்பதிச் சவாரி போய்விட்டு, விடிந்ததும் எங்களை ஏற்றி வந்திருந்தார் மாமா. பந்தியிலிருந்து எழுந்தபோதே அவர் கண்கள் சிவந்து செருகின. அவர் மனைவி, என் அத்தை, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, செத்த நேரம் படுத்து எழுந்துட்டுப் போலாமே."

"சாயங்காலம் சவாரி இருக்குது. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஊட்ல இருக்கலாம், ஏறு."

நானும் அம்மாவும் பின்னால். அத்தை முன்னால், அவருக்கு இடப்பக்கம். அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே வந்தாள். ஏரிக்கரை தாண்டியதும் வெயிலில் அவளும் ஓய்ந்துபோனாள். கார் மெல்ல, மிக மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. யாருக்கோ வழிவிடுகிறார் என்று நினைத்தேன்.

அத்தை இருந்த பக்கம்தான் நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலையே இருக்கவில்லை. மாமாவுக்கு நெற்றியில் ஒரு காயம். "நான் தூங்கலக்கா. கண்ண இமைச்சேன், அவ்ளோதான்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனால் முகூர்த்த நாட்களில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்குத் தவறாமல் போனார். "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்பார். சவாரிக்கு வந்தவர்களிடமும், "இவரு கண்ணப் பாருங்கம்மா, கொஞ்ச நேரம் தூங்க உடுங்க" என்பார். பிழைப்பைக் கெடுக்கிறார் என்று ஏசினார்கள். ஒருநாள் ஒரு டிரைவரின் சாவியையே பிடுங்கிவிட்டார். அவன் அவரைக் கீழே தள்ளி, சாவியை வாங்கிக்கொண்டு சவாரி போனான். மாமா வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

சாயங்காலம் அந்தக் கார் திரும்பியது. அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"பாத்தியா பெரியவரே? போயிட்டு வந்துட்டேன். இன்னா ஆயிடுச்சு?"

மாமா அவன் முகத்தையே பார்த்தார்.

"எனக்கும் ரொம்ப நாளு ஒண்ணும் ஆவலபா."

அவன் அடுத்த சவாரிக்குக் காத்திருந்தவர்களை வேறு காரில் ஏறச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் படுத்துக்கொண்டான். அவன் தானாக எழுந்திருக்கும்வரை, யாரும் எழுப்பிவிடாதபடி, மாமா கதவோரமே நின்றிருந்தார்.