வசந்தா ஏற மறுத்த கார்

கோதண்டம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் முதலில் கேட்ட கேள்வி, "வண்டி எங்க நிக்குது?" முப்பது வருஷம் அவரோடு ஒரே டிப்போவில், ஒரே பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் கேட்கிற கேள்வியா அது? செய்தி சொன்ன அவர் மகள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஷெட்லதான் இருக்குது மாமா. நேத்து சாயங்காலம்கூட தொடச்சிக்கினு இருந்தாரு," என்றாள். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

டிப்போ நண்பர்கள் எல்லோருக்கும் அந்த வண்டியைத் தெரியும். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, ஸ்டியரிங் இடப்பக்கம். ஓய்வு பெற்ற மறுமாதம் கோதண்டம் அதை லாரியில் ஏற்றித் தன் ஊரான முசரவாக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு மாதத்தில் ஓட வைத்தார். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பெருமாள் கோயிலுக்கு முதல் சவாரி போகலாம் என்று மனைவி வசந்தாவைக் கூப்பிட்டார். வசந்தா வலப்பக்கத்துக் கதவைப் பார்த்தார். ஏறவில்லை.

"தாலி கட்டினதுலேருந்து உங்க எடப்பக்கந்தான் உக்கார்றேன். காருக்கோசரம் எடம் மாற மாட்டேன்."

"காருக்குள்ள யாரு பாக்கப் போறாங்க?"

"பெருமாள் கோயிலுக்குத்தான போறோம்? அவரு பாப்பாரு."

நானாக இருந்தால் காரை விற்றிருப்பேன். கோதண்டம் அன்றைக்கே ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டார். "முப்பத்தஞ்சு வருசத்துல என்கிட்ட அவ ஒண்ணுமே கேட்டதில்லப்பா. பக்கத்துல உக்காரத்தான் கேக்குறா. செஞ்சிடணும்," என்றார்.

வேலை இரண்டு வருஷம் இழுத்தது. வலப்பக்கம் புகைக்குழாய் குறுக்கே நின்றது, அதை வளைத்தார். டேஷ்போர்டை வெட்டினார், பெடல்களை இடம் மாற்றினார். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் பெட்டி மட்டும் வலப்பக்கம் உட்கார மறுத்தது. தலைகீழாகத் திருப்பினால் உட்கார்ந்தது. "பாத்தியா, கச்சிதமா இருக்குது," என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் மெக்கானிக் என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள்.

பெட்டி தலைகீழானால் சக்கரமும் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது, பெயிண்ட் அடிக்க லாரியில் ஐயம்பேட்டைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டிக் கிளம்பியபோதுதான் தெரிந்தது. தெருவின் இடது ஓரமாக, புடவை நெய்வதற்கான பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். விலகிப் போக கோதண்டம் வலப்பக்கம் ஒடித்தார். கார் பாவு நூலை நோக்கிப் போனது. பயந்துபோய் இன்னும் ஒடித்தார். இன்னும் ஆசையாகப் போனது. நெசவாளர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு முழம் இருக்கும்போது பிரேக் பிடித்தது. யாருடைய கல்யாணப் புடவையோ பிழைத்தது.

"ரெண்டு நாள்ல கை பழகிடும்பா," என்றார் கோதண்டம். நான் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

கை பழகவும் செய்தது. ஒரு வாரம் அப்படியே ஓட்டிவிட்டு, மகளின் ஸ்கூட்டரை எடுத்தவர் நேராக எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றார். பிறகுதான் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் கூடுதலாக வைத்துச் சரிசெய்தோம்.

அன்றைக்கு வசந்தா ஏறினார். கோயிலிலிருந்து திரும்பும்போது மழை. எல்லாவற்றையும் மாற்றிய நாங்கள் வைப்பரை மறந்திருந்தோம். அது பழைய ஞாபகத்தில் வசந்தாவின் பக்கத்துக் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, கோதண்டத்தின் முகத்துக்கு நேரே அப்படியே விட்டுவிட்டது. வழி முழுக்க வசந்தாதான் பாதை சொல்லிக்கொண்டு வந்தாராம். மறுநாள் நான் ஸ்பானரோடு போனேன். கோதண்டம் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"கை வெக்காத. வீட்ல ரெண்டு வார்த்தை பேசுனா பெரிசு. நேத்து வூடு வர்ற வரைக்கும் வாயே மூடல."

அதன் பிறகு மழை வந்தால் ஊரே உள்ளே ஓடும், இவர் காரை வெளியே எடுப்பார்.

கோதண்டத்தின் முப்பதாம் நாள் படையல் முடிந்த மறுநாள் வசந்தா என்னிடம் சாவியை நீட்டினார். "சும்மா நின்னா பேட்டரி பூடும்ணா. ஒரு சுத்து போய்ட்டு வரலாம்." இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தவர், நான் தயங்குவதைப் பார்த்து, "தங்கச்சி எந்தப் பக்கம் உக்காந்தா இன்னா?" என்றார். அதோடு சரி. ஒரு மாதமாக அம்மா யாரிடமும் பேசுவதில்லை என்று மகள் சொல்லியிருந்தாள். திருப்பருத்திக்குன்றம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரங்கட்டலாம் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதீங்க. எதுக்க மாடு வருது, கொஞ்சம் ரைட்டுல வாங்க. ம்… இப்ப நேரா. பள்ளம்ணா, பள்ளம். அவரும் இதே பள்ளத்துலதான் வுடுவாரு."

வீடு வரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. எனக்குக் கண்ணாடியும் மங்கல், கண்ணும் மங்கல். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள்.

வாசலில் மகள் கேட்டாள்: "அந்த வைப்பரை மாத்திடலாமா மாமா?" அரை நாள் வேலை. ஸ்பானர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாகம் கிடைக்காது என்று பொய் சொன்னேன். கோதண்டத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அதுதான், செய்யத் தெரிந்தும் செய்யக் கூடாத அந்த ஒரு வேலை. ஐப்பசி இப்போதுதான் பிறந்திருக்கிறது.